ஆளுமைக் கோளாறுகளின் மரபியல்

ஆளுமைக் கோளாறுகளின் மரபியல் என்பது ஆளுமைக் கோளாறுகள் தோன்றுவதில் பரம்பரைக்கு உள்ள பங்கை ஆராயும் அறிவியல் துறை ஆகும். ஒருவரின் சிந்தனை, உணர்ச்சி, பிறரோடு பழகும் விதம் ஆகியவற்றில் இளமை முதலே நிலைத்து நின்று, வாழ்வைப் பாதிக்கும் பிறழ்வுகளே ஆளுமைக் கோளாறுகள் எனப்படுகின்றன. இவற்றுள் எதற்கும் ஒரு தனி மரபணு காரணம் என்று நிறுவப்படவில்லை.

மரபுவழிப் பங்கு

இரட்டையர் ஆய்வுகள் இக்கோளாறுகளில் மரபுவழிப் பங்கு ஏறத்தாழ 30 முதல் 60 விழுக்காடு என்று மதிப்பிடுகின்றன. இவ்வெண் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. வீராணம் ஏரிப் பாசனத்தில், சிதம்பரம் பகுதியில் உள்ள ஒரே சீரான வயலில் பலவகை நெல்லை விதைத்தால், பயிர்களின் உயர வேறுபாட்டிற்கு விதையே முக்கிய காரணம். அதே விதைகளை விருத்தாசலம் பகுதியின் மானாவாரி நிலங்களிலும் கலந்து விதைத்தால், வேறுபாட்டில் மண்ணுக்கும் நீருக்கும் உரிய பங்கு கூடும். விதையின் பங்கு குறையும். ஆகவே மரபுவழிப் பங்கு என்பது ஒரு மக்கள்தொகையில் காணப்படும் வேறுபாட்டைப் பற்றிய அளவு. ஒரு தனிமனிதருக்குக் கோளாறு வரும் வாய்ப்பை அது குறிப்பதில்லை.

ஆய்வு வரலாறு

1960களில் டென்மார்க்கில் தொடங்கிய தத்துப்பிள்ளை ஆய்வுகள், மனச்சிதைவு நோயுற்ற தத்துப்பிள்ளைகளின் இரத்த உறவினரிடையே அந்நோயின் மென்மையான வடிவங்கள் மிகுந்திருப்பதைக் காட்டின. 1980இல் அமெரிக்க உளநோய் வகைப்பாட்டில் இடம்பெற்ற ஸ்கிசோடைப்பல் ஆளுமைக் கோளாறு இவ்வழியில் வரையறுக்கப்பட்டது.

2002இல் நியூசிலாந்தின் டனிடின் நகர ஆய்வு வேறொரு கருத்தை முன்வைத்தது. மோனோஅமைன் ஆக்சிடேசு-ஏ மரபணுவின் குறைந்த செயற்பாட்டு வடிவத்தைக் கொண்ட ஆண்களுள், குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு உள்ளானவர்களிடம் சமூக விரோத நடத்தை கூடுதலாக இருந்தது. பிற்கால ஆய்வுகள் அனைத்தும் இம்முடிவை உறுதி செய்யவில்லை.

எல்லைநிலை ஆளுமைக் கோளாறு குறித்து 2017இல் வெளியான முழு மரபணுத்தொகுதி ஆய்வு, அதற்கும் இருமுனைக் கோளாறு, மனச்சோர்வு, மனச்சிதைவு ஆகியவற்றுக்கும் பொதுவான மரபுக்கூறுகள் இருப்பதைக் காட்டியது. சிறு விளைவுடைய பல மரபு வேறுபாடுகள் ஒன்றுசேர்ந்து இயங்குகின்றன என்பதே இன்றைய கருத்து.

தமிழ்நாட்டில்

மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃப், ஆத்திரேலியாவின் குயின்சுலாந்து பல்கலைக்கழகத்துடன் இணைந்து மனச்சிதைவின் மரபியலை ஆராய்ந்தது. 2019இல் வெளியான முடிவு, 3,092 பேரின் தரவுகளைக் கொண்டு, எட்டாம் நிறப்புரியில் நியாசின் என்னும் உயிர்ச்சத்தின் வளர்சிதை மாற்றத்தோடு தொடர்புடைய மரபணுவொன்றைச் சுட்டியது. இது ஆளுமைக் கோளாறு பற்றிய ஆய்வன்று. எனினும் ஸ்கிசோடைப்பல் கோளாறு மனச்சிதைவோடு மரபுவழித் தொடர்புடையது என்பதால் இத்துறைக்கும் பயன்படக்கூடியது. பெரும்பாலான மரபணுத் தரவுகள் ஐரோப்பிய வழித்தோன்றல்களிடமிருந்தே பெறப்பட்டவை. அவற்றிலிருந்து கணிக்கப்படும் இடர் மதிப்பெண்கள் பிற மக்களுக்குத் துல்லியமாகப் பொருந்துவதில்லை. ஆகவே தென்னிந்தியத் தரவுகள் முக்கியத்துவம் பெறுகின்றன.

அத்தை மகள், மாமன் மகள், அக்காள் மகள் ஆகியோரை மணக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. இவ்வழக்கம் பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணுவைப் பெறுவதால் வரும் நோய்களின் வாய்ப்பைக் கூட்டும். ஆளுமைக் கோளாறுகள் அத்தகைய தனி மரபணு நோய்கள் அல்ல.

பயன்பாடும் வரம்புகளும்

ஆளுமைக் கோளாற்றை உறுதி செய்யும் மரபணுச் சோதனை எதுவும் இல்லை. நேர்காணல், வாழ்க்கை வரலாறு ஆகியவற்றைக் கொண்டே மருத்துவர் அதனைக் கண்டறிகிறார். "குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தது" என்பதைக் கொண்டு பெண் கொடுக்கவோ எடுக்கவோ மறுப்பதற்கு இவ்வாய்வுகள் ஆதாரம் ஆகா. நோயாளியின் உறவினருள் பெரும்பாலோர்க்கு அக்கோளாறு வருவதில்லை. மரபுவழிப் பங்கு இருப்பதால் சிகிச்சை பயனற்றது என்பதும் பொருளன்று. எல்லைநிலைக் கோளாற்றுக்கு உளவழிச் சிகிச்சைகள் பயனளிப்பது ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ளது.