டிபெண்டன்ட்

அமெரிக்க வருமான வரிப் படிவத்தில் காணும் ‘டிபெண்டன்ட்’ என்னும் பதம், கீழ்நோக்கித் தொங்குதல் எனப் பொருள்படும் லத்தீன் வினையில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்து, பிறரை அண்டி ஜீவிப்பவர் என்ற அர்த்தத்தை எய்தியது. கொம்பில் தொங்கும் காய் நினைவுக்கு வருகிறது. நம் ‘ஆச்ரிதர்’ சற்றுக் கௌரவமாகச் சார்ந்து நிற்பவர். அமெரிக்கச் சட்டமோ பாசத்தை அளவாது நாட்களை எண்ணுவது: பாட்டனார் தம் பேரனை டிபெண்டன்டாகக் காட்ட, அவன் ஆண்டில் பாதிக்குமேல் அவருடன் ஒரே இல்லத்தில் வசித்து, 19 வயது, முழுநேர மாணாக்கனாயின் 24 வயது, நிரம்பாதவனாய், தன் ஜீவனச் செலவில் பாதிக்குமேல் தானே ஏற்காதவனாய் இருத்தல் பொதுவிதி. பாட்டன் பெயரைத் தரித்த ‘பெயரன்’ என்பதே ‘பேரன்’ ஆயிற்று; படிவத்திலோ பெயர் மட்டும் போதாது, அடையாள எண்ணும் வேண்டும்.