மஞ்சள் கொடியும் சாரதியின் மனமும்

விபத்து நேர்ந்த இடத்தில் மஞ்சள் கொடியை அசைத்துவிட்டால், பின்னால் வரும் சாரதிகள் தாமாகவே வேகத்தைத் தணித்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையின் மீதே ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயங்கள் நெடுங்காலம் நடந்துவந்தன. உத்தமமான நம்பிக்கைதான், ஆனால் அரை விநாடி லாபத்துக்காக உயிரையே பணயம் வைக்கத் துணிந்தவனிடம், எதிராளி வேகத்தைத் தணிப்பானோ மாட்டானோ என்று அறியாத நிலையில், நீ முதலில் தணித்துக்கொள் என்று கேட்பது மனித சுபாவத்துக்கே விரோதமான வேண்டுகோள் அல்லவா?

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாக, எல்லாக் கார்களுக்கும் முன்னே நிதானமாகச் செல்லும் ஒரு சேஃப்டி காரை ஓடவிடும் யோசனை, 1973 செப்டம்பரில் கனடாவின் மோஸ்போர்ட் பந்தயத்தில் முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டது. அன்று மழையில் தொடங்கிய பந்தயம், பாதை உலர உலர, டயர் மாற்றுவதற்காக ஒவ்வொருவரும் ஒவ்வொரு சமயத்தில் ஒதுங்க நேர்ந்ததால், கையால் சுற்றுக் கணக்கு எழுதியவர்களைத் திக்குமுக்காடச் செய்திருந்தது. அந்தக் குழப்பத்தின் நடுவே, ஷெக்டர், செவேர் என்ற இரு சாரதிகள் மோதிக்கொண்டபின், எப்பி வீட்ஸஸ் ஓட்டிவந்த மஞ்சள் நிறப் போர்ஷ சேஃப்டி கார், முதலிடத்தில் இருந்தவரை விட்டுவிட்டு ஹவுடன் கேன்லி என்ற சாரதியின் முன்னால் போய் நின்றுகொண்டது. அதனால் சிலருக்கு ஒரு முழுச் சுற்றே இனாமாகக் கிடைத்தது. லோட்டஸ் அணியின் அதிபர் சாப்மன், தம்முடைய சாரதி ஃபிட்டிபால்டியே வென்றார் என்று எண்ணித் தொப்பியை ஆகாயத்தில் எறிய, நெடுநேர விவாதத்துக்குப் பிறகு வெற்றி பீட்டர் ரெவ்சனுக்கு என்று முடிவாயிற்று. நகைப்புக்கு இடமான இந்தச் சம்பவத்துக்குப் பின், சேஃப்டி கார் விதிப்புத்தகத்தில் முறையாக இடம்பெற 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த இடைக்காலம் நகைப்புக்கு உரியதாக இல்லை. 1977 மார்ச்சில், தென்னாப்பிரிக்காவின் கயாலமியில், நின்றுபோன காரில் பற்றிய தீயை அணைக்கப் பாதையின் குறுக்கே ஓடிய இளம் ஊழியர் ஒருவர்மீது, மேட்டுக்கு அப்பாலிருந்து வந்த டாம் பிரைஸின் கார் மோதியது. இருவரும் அங்கேயே மாண்டனர்.

விதி வந்தபின்னும் அபாயம் வேறு வழியில் நுழைந்தது. 1994 இமோலா பந்தயத்தில் சேஃப்டி காராக முன்னே சென்ற ஓபல் வெக்ட்ரா, பந்தயக் கார்களுக்கு ஈடுகொடுக்கும் வேகமில்லாத சாதாரணக் கார். அதன் பின்னால் மெதுவாக ஓடினால் பந்தயக் காரின் டயர் குளிர்ந்து காற்றழுத்தம் இறங்கும், கார் தரையை நோக்கித் தாழும். ஓபல் விலகிய சற்று நேரத்தில் சாரதி ஐர்ட்டன் சென்னா விபத்துக்குள்ளாகி மாண்டார். அவர் மரணத்துக்குக் காரணமாக இன்றும் விவாதிக்கப்படுபவற்றில் இந்த டயர்க் குளிர்ச்சியும் ஒன்று.

2014 அக்டோபரில் ஜப்பானின் சுஸூகாவில், மழையில் தடுமாறிய ஒரு காரை மீட்புக் கிரேன் தூக்கிக்கொண்டிருக்கையில், இரட்டை மஞ்சள் கொடிகள் அசைந்தும், ஜூல் பியாங்கி கட்டுப்பாட்டை இழந்து அந்தக் கிரேனிலேயே மோதி, மறுஆண்டு ஜூலையில் உயிர்நீத்தார். போதிய அளவு வேகத்தைக் குறைக்கவில்லை என்று விசாரணைக் குழு கூறியது உண்மையே; எனினும், எவ்வளவு குறைத்தால் போதும் என்று அளவிட்டுச் சொல்லும் விதி அன்று இருந்ததா? 2015-இல் வந்த விர்ச்சுவல் சேஃப்டி கார் முறையில் அந்தத் தீர்மானம் சாரதியிடமிருந்து பறிக்கப்பட்டது: ஒவ்வொரு பகுதியையும் குறித்த குறைந்தபட்ச நேரத்துக்கு முன்னதாகக் கடக்கலாகாது, தாம் மிஞ்சுகிறோமா என்பதை ஸ்டியரிங்கில் உள்ள திரையே ஒவ்வொருவருக்கும் காட்டிவிடும். இதில் எவரும் பிறரை நம்பி நஷ்டப்பட வேண்டியதில்லை.

ஆனாலும் 2022-இல், அதே சுஸூகாவில், அதே மழையில், மீட்பு வாகனம் பாதையில் நிற்கும்போதே பியர் காஸ்லியின் கார் அதைக் கடந்து பறந்தது. அவருக்கு, பந்தயத்தை நிறுத்தும் சிவப்புக் கொடியின்கீழ் மிதமிஞ்சிய வேகத்தில் சென்றதற்காக, 20 விநாடித் தண்டனை. வாகனத்தை அனுப்பச் சற்றுத் தாமதித்திருப்பதே விவேகமாக இருந்திருக்கும் என்று சர்வதேச ஆட்டோமொபைல் சம்மேளனமும் பின்னர் தன் பரிசீலனையில் ஒப்புக்கொண்டது.