தட்டைச் சுடருக்குள் துளி புகுந்த வரலாறு

டீசல் எஞ்சினிலும் ஜெட் எஞ்சினிலும் எரிபொருள் திரவமாகவே உட்செலுத்தப்பட்டு, நுண்துளிகளாகச் சிதறி, ஆவியாகிக் காற்றோடு கலந்த பின்னரே பெரும்பாலும் எரிகிறது என்பதால், அந்த எரிதலைக் கணக்கிட முனைபவர் பாய்வு, வெப்பம், வேதிவினை ஆகிய மூன்றையும் ஒருசேரக் கையாள வேண்டியிருக்கிறது. இச்சிக்கலைக் கைக்கு அடக்கமாக்க ஆய்வாளர்கள் தேர்ந்துகொண்டது எதிர்ப்பாய்வுச் சுடர் என்னும் அமைப்பு ஆகும். இதில் நேருக்கு நேர் வரும் இரு பாய்வுகள் நடுவில் மோதிப் பக்கவாட்டில் விலகிச் செல்ல, அவை சந்திக்கும் தளத்தை ஒட்டி மெல்லிய தட்டைச் சுடர் ஒன்று நிலைத்து நிற்கும்.

இதற்கான கணிதம் எரிதலை எண்ணிப் பிறந்ததன்று. சுவரை நோக்கி வந்து இருபுறமும் பிரியும் பாய்வின் சமன்பாடுகளை ஒரே மாறியில் அமைந்த சாதாரண வகைக்கெழுச் சமன்பாடாகச் சுருக்கலாம் என்பதை, கோட்டிங்கனில் பாய்வியல் அறிஞர் பிராண்டலின் மாணவராயிருந்த கார்ல் ஹீமென்ஸ் 1911இல் காட்டினார். எதிர்ப்பாய்வில், பாய்வுகள் வரும் அச்சுத் திசையில் வேகம் சுழியாகும் இடத்துக்குத் தேக்கத் தளம் என்று பெயர். டோக்கியோவில் சுஜியும் யமவோக்காவும் நுண்துளைகள் கொண்ட உருளையின் முன்பக்கத்திலிருந்து எரிவாயுவை எதிர்க்காற்றில் கசியவிட்டு 1967இல் வெளியிட்ட அளவீடுகளும், ஸ்பெயின் நாட்டு அமாப்லே லின்யான் 1974இல் தந்த கோட்பாடும் இச்சுடரை நம்பகமான ஆய்வுக் கருவியாக்கின. பாய்வு சுடரைப் பக்கவாட்டில் இழுத்து நீட்டும் விரைவை இழுப்பு வீதம் எனலாம். அது நொடிக்கு 100 என்றால், எரிபொருளும் ஆக்சிஜனும் சுடர்ப் பகுதியில் தங்கும் காலம் ஏறத்தாழ நொடியில் நூறில் ஒரு பங்கு. வீதம் கூடக் கூட வேதிவினைக்குப் போதிய அவகாசம் இல்லாமற்போய்ச் சுடர் அணைந்துவிடும்.

துளியின் வரலாறு தனி வழியில் நடந்தது. கோட்சேவும் ஸ்பால்டிங்கும் 1953இல் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுகள், எரியும் துளியினுடைய விட்டத்தின் வர்க்கம் காலத்தோடு சீராகக் குறைகிறது என்ற விதியை நிலைநாட்டின. இதன்படி விட்டம் பாதியானால் ஆயுள் கால்பங்காகிவிடும். வழக்கமான ஹைட்ரோகார்பன் எரிபொருளில் இந்த வர்க்கம் நொடிக்கு ஒரு சதுர மில்லிமீட்டர் என்ற அளவை ஒட்டிக் குறைவதால், 0.1 மில்லிமீட்டர் துளியின் ஆயுளும் நொடியில் நூறில் ஒரு பங்குதான். மேலே கண்ட பாய்வுக் காலமும் இதுவே. இரண்டில் ஒன்றைப் புறக்கணித்துக் கணக்கை எளிதாக்கிவிட இடமில்லாமற் போனதற்கு இந்த ஒற்றுமையே காரணம் எனத் தோன்றுகிறது.

இவ்விரு வழிகளும் இணைந்த இடங்களுள் முதன்மையானது, கொன்டினில்லோவும் சிரினியானோவும் 1990இல் வெளியிட்ட கணிப்பு. ஆக்டேன் துளிகளைச் சுமந்துவரும் காற்றை வெறும் காற்று எதிர்கொள்வதாகக் கொண்டு, வாயுவை நிலையான கட்டங்களிலும் துளிகளை அவற்றின் பாதையைத் தொடர்ந்தும் கணித்த அவர்கள், ஒரே தூவலில், அதாவது துளிகளைச் சுமந்த ஒரே பாய்வில், இரண்டு எரிதல் வலயங்கள் அமையக்கூடும் என்று கண்டனர். அதே பத்தாண்டில் வேதிவினைகளை விரிவாகச் சேர்க்கும் மாதிரிகளும் வந்தன; ஹெப்டேன் தூவலுக்குக் குட்ஹைலும் சிரினியானோவும் 1998இல் தந்தது அவற்றுள் ஒன்று.

இக்கணிப்புகளில் மிகவும் சுவையானது பெரிய துளியின் போக்கு. வாயு தேக்கத் தளத்தைக் கடப்பதில்லை. துளியோ தன் நிறையின் உந்தத்தால் அத்தளத்தைத் தாண்டி எதிர்க்காற்றுக்குள் நுழைந்து, அங்கே வேகம் இழந்து, ஒரு கணம் நின்று, வந்த வழியே திரும்புகிறது. ஆவியாகித் தீராத துளி மீண்டும் தளத்தைக் கடந்து ஊசலாடவும் கூடும். துளிக் கூட்டத்துக்கு இடத்துக்கு ஒரே வேகம் என்று கொள்ளும் எளிய சமன்பாடுகள் இங்கே நொறுங்கிவிடுகின்றன. போகும் துளியும் திரும்பும் துளியும் ஒரே புள்ளியில் இருக்க, திரும்புமிடத்தில் துளிகளின் அடர்த்தி கணக்கில் வரம்பின்றி உயர்கிறது. ஹீமென்ஸ் தந்த ஒற்றை மாறியின் வசதியை வாயு பேணிக்கொள்ள, துளி அதைக் குலைத்துவிடுகிறது எனலாம். ஒரே நுழைவு நிலைமைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சுடர் அமைப்புகள் விடையாக வரக்கூடும் என்று 2005இல் குட்ஹைல் காட்டியது இச்சிக்கலை இன்னும் கூட்டியது.

கொந்தளிக்கும் எஞ்சின் சுடரை இழுபட்ட மெல்லிய தட்டைச் சுடர்களின் தொகுப்பாகக் கருதலாம் என 1984இல் நோர்பர்ட் பீட்டர்ஸ் விரித்துரைத்த பின்னர், அத்தகைய சுடர்களை முன்கூட்டியே கணித்து அட்டவணையாக்கி வைக்கும் முறை பரவியிருந்ததால், துளிகள் தந்த இச்சிக்கல் ஏட்டளவில் நின்ற கவலையன்று. அந்த அட்டவணையைப் படிக்க உதவுவது கலப்புப் பின்னம், அதாவது ஓரிடத்து வாயு நிறையில் எரிபொருள் வழி வந்த பங்கு. வாயுச் சுடரில் அது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே சீராக ஏறும் அல்லது இறங்கும். தூவலில் இடைவழியிலேயே ஆவி சேர்வதால் அது ஏறி இறங்கி, ஒரே மதிப்பு இரண்டு வெவ்வேறு நிலைகளைச் சுட்டுகிறது. இதற்கு மாற்றாக, எங்கும் ஒரே திசையில் மட்டும் நகரும்படி வரையறுத்த வேறொரு மாறியைப் பிரான்செல்லி, வியே, இமே ஆகியோர் 2015இல் முன்வைத்தனர்.