ரொட்டிப் பலகை

பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், வெள்ளை நிறத்தில் பொடிப் பொடித் துளைகளோடு ஒரு பிளாஸ்டிக் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் பிரெட்போர்டு. ரொட்டி வெட்டும் பலகை என்று அர்த்தம். பிரெஞ்சில் படித்த எங்களுக்கு அது ‘பிளான்ஷ் ஆ பேன்’. மின்சார சாமானுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று தேடியதில் கிடைத்ததை எழுதுகிறேன்.

1920-களில் அமெரிக்காவில் ரேடியோ பைத்தியம் பிடித்து ஆட்டியது. விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள் தாங்களே செய்தார்கள். அடுப்பங்கரை ரொட்டிப் பலகை கைக்கு அகப்பட்டது. அதில் ஆணியும் பித்தளைத் திருகும் இறக்கி, வால்வு, காயில், கண்டென்சர் எல்லாவற்றையும் பொருத்திக் கம்பியால் இணைத்தார்கள். பிலடெல்பியாவின் ஆட்வாட்டர் கென்ட் கம்பெனி முதலில் விற்ற ரேடியோக்களே பெட்டி இல்லாமல் பலகைமேல் உட்கார்ந்தவைதான். வீட்டுக்கார அம்மாக்கள் என்ன சொன்னார்களோ! பலகை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

ஆணிக்கு முடிவு கட்டியது ஐ.சி. 1964-இல் ஃபேர்சைல்டு கம்பெனியில், இரண்டு பக்கமும் வரிசையாகக் கால் வைத்த கரப்பான்பூச்சி போன்ற ஐ.சி. உருவம் பிறந்தது. காலுக்கும் காலுக்கும் இடைவெளி அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2.54 மில்லிமீட்டர். அங்கே ஆணி அடிக்க முடியுமா? ஈயம் வைத்து ஒட்டலாம். ஆனால் ஒட்டிப் பார்த்து, சரிவரவில்லை என்று மறுபடி சூடு காட்டிப் பிடுங்கினால் சாமான் பாழாகும். காசு உள்ளவன் வேறு வாங்குவான். மாணவன் என்ன செய்வான்?

இதற்கு வழி சொன்னவர் கனெக்டிகட் மாநிலத்தில் இ அண்ட் எல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியின் ரொனால்ட் போர்ச்சுகல். 1971 டிசம்பரில் வடிவமைப்பு உரிமைக்கு மனு செய்தார், 1973-இல் கிடைத்தது. (நம் ஊர் ஃபைலை நினைத்தால் இது வேகம்தான்.) துளைகளுக்கும் அதே 2.54 மில்லிமீட்டர் இடைவெளி. ஒவ்வொரு ஐந்து துளைக்கும் அடியில் ஓர் உலோகக் கவ்வி. அந்த ஐந்தும் ஒரே கம்பி போல. நடுவில் ஒரு பள்ளம், ஐ.சி. அதன்மேல் கால் அகட்டி நிற்கும். குத்தினால் பிடிக்கும், இழுத்தால் விடும்.

நான் இதை ஆபீஸ் வரைவோடுதான் ஒப்பிடுவேன். பென்சிலில் எழுதி, அழித்து, மேலதிகாரி திருத்திய பிறகுதான் கார்பன் வைத்து டைப்புக்குப் போகும். அந்தப் பென்சில்தான் இந்தப் பலகை. 555 என்று ஒரு சின்ன ஐ.சி. உண்டு. இன்று விளக்கைச் சிமிட்டவைக்கும் அதே ஐ.சி.யைப் பிடுங்கி, நாளை அலாரம் செய்யலாம். ஒரு சாமானும் வீணாகாது. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு ‘பிளாக் தெஸ்ஸே’, சோதனைத் தட்டு, என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் பொருத்தமாகப் படுகிறது.

குறையும் உண்டு. அதிக அதிர்வெண்ணுள்ள ரேடியோ வேலைக்கு ஆகாது. கவ்விகளே கண்டென்சர் போல நடந்துகொள்ளும். நாள்பட்டால் பிடி தளரும். ஓரத்து நீளக் கோடுகள் சில பலகைகளில் பாதியில் அறுந்திருக்கும். பேரன் “லைட் எரியலை தாத்தா” என்றால் முதலில் அங்கே பாருங்கள். வீட்டு 230 வோல்ட்டை மட்டும் இதில் செருக விடாதீர்கள். பேட்டரி போதும்.