பர்னபா

சீப்புருத் தீவில் பிறந்த யோசே என்ற லேவியருக்கு அப்போஸ்தலர்கள் சூட்டிய பெயர். ‘பர்’ என்பது அரமேய மொழியில் மகன். பின்பாதியின் மூலம் உறுதியாகவில்லை. தீர்க்கதரிசனத்தைக் குறிக்கும் வேரோடு அதைச் சேர்ப்பவர்களும் உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் (4:36) தரும் கிரேக்க விளக்கத்தில் வரும் சொல் ‘பராகிளேசிஸ்’. பக்கத்தில் வரும்படி அழைப்பது என்பது அதன் வேர்ப்பொருள். வழக்கில் ஆறுதல், ஊக்கம், புத்திமதி மூன்றையும் தாங்கும். பழைய தமிழ் வேதாகமம் ‘ஆறுதல்’ என்பதோடு நிறுத்திக்கொண்டது. யோவான் நற்செய்தியின் ‘தேற்றரவாளன்’ என்பதற்கான கிரேக்கச் சொல்லும் இதே குடும்பந்தான்.

பெயருக்கேற்ற செயல்கள் அப்போஸ்தலர் நடபடிகளிலேயே உள்ளன. நிலத்தை விற்ற பணத்தை அப்போஸ்தலரின் பாதத்தில் வைத்தார். எருசலேமின் சீடர்கள், பின்னாளில் பவுல் எனப்பட்ட சவுலைக் கண்டு அஞ்சி ஒதுங்கியபோது, அவரை அப்போஸ்தலரிடம் கூட்டிச் சென்று அவருக்காகப் பேசினார். பக்கத்தில் அழைப்பது என்ற வேர்ப்பொருள் இங்கேதான் துலக்கமாகத் தெரிகிறது. பஞ்ச காலத்தில் அந்தியோகியாவின் உதவியை யூதேயாவுக்குக் கொண்டுபோனார். ஊழியப் பயணத்தின் பாதிவழியில் திரும்பிப்போன மாற்கு என்பவரை மறுபடி சேர்ப்பதற்காகப் பவுலோடு பிணங்கினார். மாற்கையே கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார்.