பூட்டாத கதவு – 6: அடுப்பு ஒன்று, குடித்தனம் எத்தனை?

நகராட்சியிலிருந்து வந்தவர்கள் தலை எண்ணினார்கள். தாய்மார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், இடுப்புக் குழந்தைகள் எல்லாம் சேர்த்து 75. அந்த வீட்டில் தங்கலாம் என்று நகராட்சி எழுதிக் கொடுத்திருந்த எண்ணிக்கை 36.

லண்டனின் மேற்குப் பகுதி. சிஸிக் ஹை ரோடு, கதவு எண் 369. (ஊர்ப் பெயரை எழுதும்போது நடுவில் ஒரு 'டபிள்யூ' போடுவார்கள்; சொல்லும்போது அதை விழுங்கிவிடுவார்கள். நாமும் விழுங்கிவிடுவோம்.) விக்டோரியா ராணி காலத்துப் பெரிய வீடு. உள்ளே கணவனின் கைக்குத் தப்பி வந்தவர்கள். வெளியே வழக்குக்குத் தயாராக நிற்கும் ஹௌன்ஸ்லோ நகராட்சி. போன வாரம் இந்த இடத்தில்தான் நிறுத்தினோம்.

கதையை நடுவில் பிடித்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன். 1971-இல் இங்கிலாந்துக் கல்வி அமைச்சர் மார்கரெட் தாட்சர், ஏழு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுத்துவந்த இலவசப் பாலை நிறுத்தினார். பெண்களும் குழந்தைகளுமாக 500 பேர், ஒரு பசுமாட்டையும் ஓட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். பால் திரும்பி வரவில்லை. ஆனால் சேர்ந்து நடந்தவர்களுக்குக் கலைந்து போக மனமில்லை. பெல்மான்ட் டெரஸ் தெருவில் நாலே அறை உள்ள ஒரு வீட்டை நகராட்சியிடமே பெயருக்கு ஒரு வாடகை பேசி வாங்கினார்கள். பகலில் கூடிப் பேசும் இடம், அவ்வளவுதான். 'சிஸிக் விமன்ஸ் எய்ட்' என்று பெயர் வைத்தார்கள். அங்கே ஒரு நாள் ஒரு பெண் வந்து, மேலுடையை விலக்கி, உடம்பெல்லாம் கன்றிப்போயிருந்த காயங்களைக் காட்டினார். இந்த இடத்தைத் தொடங்கிய எரின் பிட்ஸி அதைப் பார்த்தார். அதன்பிறகு அந்தக் கதவை இரவிலும் பூட்ட முடியவில்லை.

பிறகு வந்த இந்த 369-ஆம் எண் வீட்டிலும் கதவைப் பூட்டாமல் வைத்ததுதான் இப்போது குற்றமாகியிருக்கிறது.

நகராட்சியை வில்லனாக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. முதல் வீட்டைக் கொடுத்ததே அவர்கள்தான். ஒரு வீட்டில் 75 பேர் படுத்திருக்கும் இரவில் தீப்பிடித்தால் யார் பதில் சொல்வது? கழிப்பறை எத்தனை? மாடிப்படி எத்தனை? கேள்விகள் நியாயமானவை. பிட்ஸியின் பதிலும் எளிமையானது: 37-வது ஆளாக ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குழந்தையோடு வந்து நிற்பவளை எங்கே அனுப்புவது? இதற்கு நகராட்சியிடம் பதில் இல்லை. பிட்ஸியிடம் இருந்தது. 1975-இல் பக்கத்து ஊரான ரிச்மண்டில் பூட்டிக் கிடந்த பாம் கோர்ட் ஹோட்டலுக்குள் சிஸிக் பெண்கள் குடியேறிவிட்டார்கள். அனுமதியெல்லாம் கேட்கவில்லை.

வழக்கு நடந்தது. ஆள் கணக்கில் தப்பு சொல்ல வழியில்லை. ஆகவே தற்காப்பு வேறு திசையில் போனது, அதுதான் சுவாரசியம்.

1961-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், 19-ஆம் பிரிவு. ஒரே குடித்தனமாக இல்லாத பலர் ஒரு வீட்டில் வசித்தால், இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று நகராட்சி வரம்பு போடலாம். அப்படியானால், உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் ஒரே குடித்தனம் என்று நிரூபித்துவிட்டால்? வரம்பே செல்லாது! 36 என்ற எண் காற்றில் பறந்துவிடும்.

பிட்ஸி தரப்பு அதைத்தான் சொன்னது. ஐயா, இவர்கள் தனித்தனி வாடகைக்காரர்கள் இல்லை. ஒன்றாகச் சமைக்கிறார்கள், ஒன்றாகப் புழங்குகிறார்கள், ஒருத்தி குழந்தையை இன்னொருத்தி பார்த்துக்கொள்கிறாள். இது ஒரே குடித்தனம்.

திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வாதம் சட்டென்று பிடிபடும். கிணறு ஒன்று, நடை ஒன்று, மொட்டைமாடி ஒன்று. ஆனால் அடுப்பு தனித்தனி. நம் ஊரில் கூடப் பிறந்த அண்ணன் தம்பிகள்கூட அடுப்பைப் பிரித்தால்தான் தனிக்குடித்தனம். இந்தக் கணக்கில் பார்த்தால் 369-ஆம் எண் வீட்டில் ஒரே அடுப்பு. பிட்ஸி ஜெயித்திருக்க வேண்டும்.

வழக்கு படிப்படியாக ஏறி, அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபைக்கு வந்தது. 1977. முன்னணித் தீர்ப்பை எழுதியவர் ஹெயில்ஷாம் பிரபு, நாட்டின் லார்ட் சான்சலராகவே இருந்தவர். அடுப்பை அவர் அளவுகோலாக வைக்கவில்லை. மூன்று காரணம் சொன்னார். முதலாவது, புறநகர் வீடு ஒன்றில் இவ்வளவு பேர் கூடியிருப்பதை ஒரு குடித்தனம் என்று யாரும் இயல்பாகச் சொல்லமாட்டார்கள். இரண்டாவது, ஆட்கள் நிலையாக இல்லை. தொகையும் மாறுகிறது, முகங்களும் மாறுகின்றன. மூன்றாவது, வந்தவர்கள் யாரும் அங்கேயே வாழ்ந்துவிடலாம் என்று வரவில்லை, ஒதுங்கிக்கொள்ள வந்தவர்கள்.

மூன்றும் சட்டப்படி சரிதான். ஆனால் கடைசிக் காரணத்தை மட்டும் நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். வாழ்ந்துவிடலாம் என்று நம்பிப் போன வீட்டிலிருந்துதானே அந்தப் பெண்கள் ஓடி வந்தார்கள்!

பிட்ஸி தோற்றார்.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரவேண்டும். அந்த நேரத்தில் இங்கிலாந்து முழுக்க இதேபோன்ற வீடுகள் முளைத்திருந்தன. காது கேளாத எம்.பி. ஜாக் ஆஷ்லி 1973-இலேயே நாடாளுமன்றத்தில் மனைவியை அடிக்கும் விஷயத்தைப் போட்டு உடைத்திருந்தார். 1975-இல் நாடாளுமன்றத் தேர்வுக் குழு ஒன்று, 10,000 பேருக்கு ஒரு குடும்பம் தங்கும் இடமாவது வேண்டும் என்று பரிந்துரை செய்தது. இத்தனை பேர் இருக்க, சிஸிக் மட்டும் ஏன் தனியாகக் கோர்ட் வாசலில் நின்றது?

ஏனென்றால் அது ஏற்கெனவே தனியாகத்தான் இருந்தது. 1974-இல் சுமார் 40 புகலிட வீடுகள் கைகோத்து 'நேஷனல் விமன்ஸ் எய்ட் ஃபெடரேஷன்' என்ற கூட்டமைப்பை உண்டாக்கின. முதல் வீடு மட்டும் அதில் சேரவில்லை. கூட்டமைப்புக்காரர்களுக்குத் தலைவி என்று ஒருத்தி கூடாது. எல்லாரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு எடுக்கவேண்டும். பிட்ஸியோ பிறவித் தலைவி. பத்திரிகைக்காரர்கள் அவரைத் தேடித்தான் வந்தார்கள், நன்கொடையும் அவரைத் தேடித்தான் வந்தது. அந்த வருஷமே பெங்குவின் நிறுவனம் அவர் புத்தகத்தை வெளியிட்டது. இவர்கள் அரசியல் செய்கிறார்கள் என்றார் அவர். இவர் எல்லாவற்றையும் தன்பேரில் எழுதிக்கொள்கிறார் என்றார்கள் அவர்கள். என்னைக் கேட்டால் இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது.

விளைவு, வேடிக்கையான ஒரு நிலை. 'விமன்ஸ் எய்ட்' என்ற பெயரை முதலில் பலகையில் எழுதியது சிஸிக். இப்போது நாட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் ஜனங்களுக்குக் கூட்டமைப்புதான் நினைவுக்கு வரும். மூத்தவள் வீட்டை விட்டு வெளியே நிற்கிறாள். தங்கைகள் குடும்பப் பெயரோடு உள்ளே இருக்கிறார்கள்.

தீர்ப்பு வந்த சில ஆண்டுகளில் சிஸிக் வீடு பெயரை மாற்றிக்கொண்டது. 'மகளிர்' போனது, 'உதவி'யும் போனது. புதிய பெயர் 'சிஸிக் ஃபேமிலி ரெஸ்க்யூ'.

ஃபேமிலி! நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் எவர்களைப் பார்த்து நீங்கள் ஒரு குடித்தனம் இல்லை என்று சொன்னதோ, அவர்கள் 'குடும்பம்' என்ற சொல்லையே பலகையில் ஏற்றிவிட்டார்கள். தற்செயலா, வீம்பா? வீம்பு என்று நினைக்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் இன்னொரு சேதியும் ஒளிந்திருந்தது. பெண்ணை மட்டும் காப்பாற்றினால் போதாது, வன்முறை குடும்பத்தின் ரத்தத்திலேயே ஓடுகிறது என்று பிட்ஸி நம்பத் தொடங்கியிருந்தார். அடிக்கிறவனைப் பற்றி மட்டுமல்ல, அடி வாங்கியவளைப் பற்றியும் அவரிடம் சொல்ல ஏதோ இருந்தது.

அதை அவர் எழுதினார். 1982-இல் 'ப்ரோன் டு வயலன்ஸ்' என்ற புத்தகம் வெளிவந்தது. தன்னிடம் அடைக்கலம் தேடி வந்த பெண்களில் சிலர், போதைக்கு அடிமையாவதுபோல வன்முறைக்கு அடிமையானவர்கள் என்றது அது. பத்து வருஷமாக எந்தப் பெண்கள் அவருக்காகக் கொடி பிடித்தார்களோ, அவர்களில் பலர் இப்போது அவருக்கு எதிராகப் பதாகை எழுத உட்கார்ந்தார்கள்.

அந்த வீட்டுக்கு மூன்றாவது பெயர் வர இன்னும் பதினோரு வருஷம் இருந்தது. அந்தப் பலகையை மாட்டும்போது பிட்ஸி அங்கே இல்லை. யாரையும் வெளியே நிறுத்தாத அந்த வீட்டின் வாசலைத் தாண்டி, கடலையும் தாண்டி, அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவுக்கு அவர் மூட்டை கட்டியது ஏன்?

(தொடரும்)