இரு குன்றுகள், ஒரே உயிர்ப்பு விழா



கிரேக்க நாட்டின் ஏஜியன் கடலில் சிரோஸ் என்றொரு சிறு தீவு உண்டு. அதன் பரப்பு ஏறக்குறைய 84 சதுர கிலோமீட்டர். 13-ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்தாரின் ஆட்சி அங்கே வந்தது. கடற்கொள்ளையருக்கு அஞ்சிய மக்கள் குன்றின்மேல் ஆனோ சிரோஸ் என்ற ஊரில் வாழ்ந்தார்கள். அவர்கள் கத்தோலிக்கர். அக்குன்றின் உச்சியில் புனித ஜார்ஜியார் பேராலயம் நிற்கிறது.

1822-இல் கீயோஸ் தீவில் நடந்த படுகொலைக்குத் தப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் சிரோஸில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களும் பிற அகதிகளும் கடற்கரையில் எர்முபோலி நகரை எழுப்பினார்கள். பக்கத்துக் குன்றின்மேல் அவர்களுடைய உயிர்ப்பு ஆலயம் எழுந்தது.

உயிர்ப்புப் பெருவிழாவின் நாளை இரு சபையாரும் வெவ்வேறு முறையில் கணக்கிடுகிறோம். 2024-இல் நாம் மார்ச் 31 அன்று கொண்டாடினோம். ஆர்த்தடாக்ஸ் சபையார் மே 5 அன்று. சிரோஸ் கத்தோலிக்கரும் மே 5 வரை காத்திருந்து அவர்களோடு கொண்டாடினார்கள். ஆறு நூற்றாண்டு முன்னரே வேரூன்றியவர்கள், பின்னர் வந்தவர்களுக்காகத் தங்கள் நாளை விட்டுக்கொடுக்கிறார்கள். அதனால் அவர்கள் விசுவாசம் குறைந்துபோகவில்லை.

நம் தெருவிலும் பிற சபையார் வாழ்கிறார்கள். விசுவாசத்தை இழக்காமல் அவர்களுக்காக நாம் எதை விட்டுக்கொடுக்கலாம்? இவ்வாரம் சிந்திப்போம், செபிப்போம்.